வில்லையுருப் பேரடை: கலைச்சொல் குறித்து

அனைவருக்கும் வணக்கம்.

பேரடை என்பது விண்மீன்களின் பெருந்தொகுதி (galaxy). சுருள் பேரடைகளைப் போலவே வட்டும் நடுப்புடைப்பும் கொண்டு, சுருள் கைகள் மட்டும் இல்லாத பேரடை வகைக்கு (ஆங்கிலத்தில் lenticular galaxy, அதாவது வில்லை [lens] வடிவப் பேரடை) இவ்விழையில் மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: இடைநிலைப் பேரடை, சுருளிலிப் பேரடை, வில்லைப் பேரடை. மூன்றாவதைச் சற்றே திருத்தி 'வில்லையுருப் பேரடை' என்று கொள்ளலாம் என்பது என் கருத்து.

'இடைநிலை' என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. வானியலாளர் எட்வின் ஹபிள் 1936-இல் வெளியிட்ட நூலில், இசைக்கவை வடிவிலான தம் வகைப்பாட்டுப் படத்தில், நீள்வட்டப் பேரடைகளின் வரிசை முடிந்து சுருள் பேரடைகள் இரு கிளைகளாகப் பிரியும் இடத்தில் எஸ்0 (S0) என்ற குறியீட்டுடன் இவ்வகையை வைத்தார்; அன்று அது ஏறக்குறைய ஒரு கருதுகோளாகவே இருந்தது. ஆனால் வானியலாளர் சிட்னி வான் டென் பெர்க் 1976-இல் இந்த எஸ்0 பேரடைகளை நடுவிலிருந்து எடுத்து, சுருள் பேரடைகளுக்கு இணையாகச் செல்லும் தனி வரிசையாக அமைத்தார். 260 பேரடைகளின் விண்மீன் இயக்கத்தை அளந்த அட்லஸ்3டி ஆய்வும் 2011-இல் இத்தகைய இணைவரிசையையே ஆதரித்தது. பட்டியல்களில் நீள்வட்டம் எனக் குறிக்கப்பட்டவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உண்மையில் வட்டுப் பேரடைகளைப் போல விரைந்து சுழல்பவை என்பதும் அதில் தெரிந்தது. இந்நிலையில், இவை இடைநிலை என்னும், கைவிடப்பட்டுவரும் ஒரு கொள்கையைப் பெயருக்குள்ளேயே பொதிந்து வைப்பது முறையாகாது. 'சுருளிலி' நீள்வட்டப் பேரடைக்கும் பொருந்திவிடும் என்பதால் அதை மேலும் ஆராயத் தேவையில்லை.

'வில்லைப் பேரடை' சுருக்கமானது, அழகானது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பின்னணியிலுள்ள பொருளின் ஒளியைத் தன் ஈர்ப்பால் வளைத்துக் காட்டும் பேரடையை ஈர்ப்பு வில்லை என்கிறோம். ஒரு கட்டுரையில் 'வில்லைப் பேரடை' என்று மட்டும் வந்தால், அது வில்லையாகச் செயற்படுவதா, வில்லை போல் தோன்றுவதா என்று படிப்பவர் தடுமாற நேரும். 'உரு' என்ற ஓர் அசை அந்த ஐயத்தை நீக்கிவிடுகிறது.

வடிவத்தை வைத்துப் பெயரிட்டால் ஒரு கோணத்துக்கு மட்டுமே பொருந்தும் என்ற மறுப்பு நியாயமானதே. செக்சுடன்ஸ் விண்மீன் குழுவில், ஏறத்தாழ 3 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்.ஜி.சி. 3115 என்ற இவ்வகைப் பேரடை விளிம்புப்புறமாகத் தெரிவதால், நடுவில் தடித்து இருமுனையும் கூர்ந்த வில்லையின் குறுக்குவெட்டாகவே காட்சி தருகிறது. இதே பேரடை நமக்கு முகம் காட்டி நின்றிருந்தால் வெறும் வட்ட ஒளித்திட்டாகத் தெரிந்து, நீள்வட்டப் பேரடை என்றே பதிவாகியிருக்கலாம். எனினும் தமிழில் வில்லை என்பது கண்ணாடி வில்லையை மட்டும் குறிப்பதன்று. மருந்து வில்லை போன்ற தட்டையான வட்டத் துண்டுகளுக்கும் அதுவே பெயர். ஆகவே முகப்புறத் தோற்றத்துக்கும் நம் சொல் இடங்கொடுக்கிறது. மூல ஆங்கிலச் சொல்லுக்கு இந்த வசதி இல்லை.

வரையறையில் நோக்கீட்டுப் பண்புகளையும் சேர்த்தாக வேண்டும். குளிர்ந்த வாயு பெரும்பாலும் தீர்ந்தோ நீக்கப்பட்டோ விட்டதால் புதிய விண்மீன்கள் அரிதாகவே பிறக்கின்றன. முதிய விண்மீன்களே மிகுந்திருப்பதால் நிறம் மஞ்சளும் சிவப்புமாக இருக்கிறது. வட்டோடு ஒப்பிட்டால் புடைப்பு பெரிது. வானியலாளர் ஆலன் டிரெஸ்லர் 1980-இல் காட்டியபடி, பேரடைகள் நெருங்கிச் செறிந்த கொத்துகளில் இவ்வகையின் பங்கு கூடுகிறது. கொத்தினூடே விரையும்போது அங்குள்ள வெப்ப வாயு மோதி, சுருள் பேரடையின் வாயுவை உரித்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

வாயு குறைவு என்பதைத் தூசே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. டிராகோ விண்மீன் குழுவிலுள்ள என்.ஜி.சி. 5866 என்ற பேரடையின் ஹபிள் தொலைநோக்கிப் படத்தில், ஒளிரும் வட்டைக் குறுக்கே பிளப்பதுபோல் மெல்லிய கருந்தூசுக் கோடு, வட்டின் தளத்திலிருந்து சற்றே சாய்ந்து, தெளிவாகத் தெரிகிறது.

இக்கோட்டைத் 'தூசுப் பட்டை' என்று சிலர் எழுதுகின்றனர். நடுவில் சட்டம் கொண்ட எஸ்பி0 (SB0) என்ற உட்பிரிவைப் 'பட்டை வில்லையுருப் பேரடை' என்று சொல்லப்போகிறோம் என்றால், அங்கே பட்டை என்பது விண்மீன்களால் ஆன நடுச்சட்டம். இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது. தூசுக்குக் 'கீற்று' என வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். மாற்றுக் கருத்துள்ளோர் எழுதுக.