புதுப்பிப்பு: நேர்முகத் தேர்வில் "ஒரு சம்பவம் சொல்லுங்க" கேள்விகள்

நீங்கள் சந்தித்த ஒரு நிகழ்வைச் சொல்லச் சொல்லும் இந்தக் கேள்விகளுக்கு, சூழல், பொறுப்பு, செய்தது, விளைவு என்று நான்காகப் பிரித்துப் பதில் சொல்லும்படி போன பதிவில் எழுதியிருந்தேன். கடலூர் சிப்காட், புதுச்சேரியின் சேதராப்பட்டு தொழிற்பேட்டை பக்கம் வேலை தேடும் பிள்ளைகளுக்காக, அதில் விட்டுப்போனவை இவை.

மொத்தப் பதிலும் 2 நிமிடத்துக்குள் முடியட்டும். சூழலுக்கு 20 நொடி, பொறுப்புக்கு 10, விளைவுக்கு 20. மிச்சமெல்லாம் நீங்கள் செய்ததற்கு. பலர் சூழலை விவரித்தே நேரத்தைக் கரைத்துவிடுகிறார்கள்.

2024 ஃபெஞ்சல் புயல் நிவாரண வேலை நல்ல உதாரணம்தான். ஆனால் "எல்லாரும் சேர்ந்து சாப்பாடு கொடுத்தோம்" என்றால் உங்கள் பங்கு தெரியாது. "தெருவைக் கணக்கெடுத்தேன், கைக்குழந்தை உள்ள 12 வீட்டுக்கு முதலில் பால் பவுடர் அனுப்பினேன்" என்றால் நீங்கள் எடுத்த முடிவு தெரியும்.

மிகக் கடினமான கேள்வி, மேலதிகாரியோடு வந்த கருத்து வேறுபாடு. "அப்படி எதுவும் நடந்ததில்லை சார்" என்பதுதான் மோசமான பதில். அவர் தரப்பு நியாயத்தை முதலில் சொல்லுங்கள். பிறகு எந்தக் கணக்கைக் காட்டித் தனியாகப் பேசினீர்கள், முடிவு உங்களுக்கு எதிராக வந்திருந்தால் வேலையை எப்படி முடித்துக் கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

தோல்வியைக் கேட்டால் "அதிகமா உழைப்பேன்" என்று மழுப்ப வேண்டாம். நிஜத் தவறு ஒன்றையும், அதன்பின் மாற்றிக்கொண்ட பழக்கத்தையும் சொல்லுங்கள். ரசாயன ஆலை என்றால், தவறை உடனே தெரிவித்தீர்களா என்பதைக் கட்டாயம் கவனிப்பார்கள்.

கதை கட்டாதீர்கள். "அப்புறம் அவர் என்ன சொன்னார்?" என்று இரண்டு முறை தோண்டினாலே கலைந்துவிடும். ஞாபகம் வரவில்லையா? "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று கேட்டுக்கொள்ளலாம், அரை நிமிட மௌனம் குற்றமில்லை.