பெரியம்மாவின் மார்ச் மாதக் கோபம்

குழு: கொக்குவில் குடும்பம், ரொறன்ரோ

பெரியம்மா: எல்லாருக்கும் காலை வணக்கம். கோடைகால நேரத்துக்கென்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளின நாளிலிருந்து எனக்கு நித்திரையும் சரியில்லை, யாரோடும் கதைக்கவும் பிடிக்கவில்லை. நேற்றுப் பேரன் பாலைக் கொட்டிப்போட்டான் என்று நான் கத்தின கத்திலே பிள்ளை அழுதேவிட்டான். உங்களில் யாருக்கும் இப்படி இருக்கோ?

ரவி அத்தான்: வெளியே பனி உருகுது மாமி, வீட்டுக்குள்ளே நீங்கள் கொதிக்கிறீர்கள்.

பெரியம்மா: பகிடி விடாதேயும் தம்பி.

சாந்தி மாமி: மச்சாள், இது ஈரலால் வாற பிரச்சினை. சீன வைத்தியத்தில் வசந்தம் ஈரலுக்குரிய காலம். கோபம், எரிச்சல், கண் உறுத்தல், கழுத்து இறுகுவது எல்லாம் அங்கிருந்துதான் வருமாம். அஜின்கோர்ட்டில் நான் போகிற வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, இரண்டு கை நாடியும் பிடித்துவிட்டு எனக்கும் இதைத்தான் சொன்னார்.

ரவி அத்தான்: எனக்குப் போன மாதம்தான் ரத்தம் சோதித்தார்கள். ஈரல் நல்லாக இருக்காம். அப்ப என் கோபத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

துஷி: அத்தான், அந்த ஈரலும் இந்த ஈரலும் ஒன்றில்லை. சீன வைத்தியத்தில் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம், ஓர் உறுப்பு, ஓர் உணர்ச்சி. மரத்துக்கு வசந்தம், ஈரல், பித்தப்பை, கோபம். அதோடு கண், தசைநார், புளிப்பு, பச்சை நிறம், காற்று எல்லாம் அந்தக் கூட்டத்திலேயே வரும். அவர்கள் ஈரல் என்று சொல்வது உடம்பில் 'சீ' என்ற ஓட்டம் தடையில்லாமல் போகப் பார்த்துக்கொள்கிற ஒரு வேலையை. குளிர்காலம் முழுக்க உள்ளே அடங்கிக் கிடந்தது வசந்தத்தில் துளிர் மாதிரி மேலே எழும்பப் பார்க்கும், வழி கிடைக்காவிட்டால் அது சிடுசிடுப்பாக வெளியே வரும் என்பது அவர்கள் கணக்கு. ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது, தெரியவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதும் இல்லை.

துஷி: மஞ்சள் பேரரசர் பெயரில் ஒரு பழைய வைத்திய நூல் இருக்கு, நெய்ஜிங் என்று, ஏறக்குறைய 2000 வருசம் பழையது. அதிலே வசந்த மூன்று மாதத்துக்குச் சொல்லியிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்: இரவு கொஞ்சம் பிந்திப் படு, விடிய வெள்ளன எழும்பு, முற்றத்தில் ஆறுதலாக நட, தலைமயிரை அவிழ்த்துவிடு, உடம்பைத் தளர்வாக வை. பிறகு, கொடு, பறிக்காதே. பாராட்டு, தண்டிக்காதே.

பெரியம்மா: பேரனைப் பற்றியும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள் போல.

ரவி அத்தான்: அவிழ்த்துவிட என் தலையில் ஒன்றும் மிச்சமில்லை.

சித்தி (கொக்குவில்): நீங்கள் வசந்தம் வசந்தம் என்கிறீர்கள், இங்கே வெயில் மண்டையைப் பிளக்குது. நாலு மணிக்குப் பிறகுதான் வெளியே இறங்கலாம். நம்முடைய கணக்கில் இளவேனில் சித்திரையும் வைகாசியும், அதற்கு இன்னும் நாள் கிடக்கு.

துஷி: சித்தி, சீனக் கணக்கில் பெப்ரவரி 4 அளவிலேயே வசந்தம் தொடங்கிவிடும். அன்றைக்கு நாங்கள் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தோம்.

ரவி அத்தான்: அப்ப என் ஈரல் எந்த நாட்டுக் கலண்டரைப் பார்த்துக் கோபப்பட வேண்டும்?

சாந்தி மாமி: உம்முடைய பகிடியை ஒரு பக்கம் வையும். மச்சாள், நான் எடுக்கிற குளிசைதான் 'சியாவ் யாவ்'. தாங் குவை, சாய் ஹூ, வெண்பியோனி வேர், அதிமதுரம் எல்லாம் சேர்த்தது. எடுக்கத் தொடங்கினதிலிருந்து எனக்கு மனசு லேசு. உங்களுக்கும் ஒரு போத்தல் வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக்கு வரும்போது கொண்டுவருகிறேன். எல்லாம் இயற்கையான வேர்தானே, பக்கவிளைவு ஒன்றும் இல்லை.

பிரதீப் (பாமசி): பெரியம்மா, அந்தப் போத்தலைத் திறக்காதேயுங்கோ. வேலையில் நிற்கிறேன், பத்து நிமிசத்தில் எழுதுகிறேன்.

பெரியம்மா: ஏன் தம்பி, என்ன?

பிரதீப் (பாமசி): சரி, இப்ப ஆறுதலாக எழுதுகிறேன். உங்களுக்கு இதயத்தில் செயற்கை வால்வு வைத்ததால் ரத்தம் கட்டியாக உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறீர்கள். ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறையுது என்று பார்த்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். தாங் குவை அதோடு சேர்ந்தால் உறைவது இன்னும் பிந்தும், ரத்தக்கசிவு வரலாம். அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் பிறஷரைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும், உங்களுக்குப் பிறஷர் குளிசையும் இருக்கு. சியாவ் யாவ் கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. சோங் அரச காலத்திலேயே அரசாங்க மருந்தகத் தொகுப்பில் இருந்தது, இன்றைக்கும் சீன வைத்தியர்கள் மன இறுக்கத்துக்கு இதைக் கொடுக்கிறார்கள். உங்களுக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

பிரதீப் (பாமசி): இன்னொன்று. இயற்கை என்றால் பயமில்லை என்று இந்தக் குழுவில் மாதம் ஒரு தடவையாவது ஒரு பார்வேர்ட் வரும். வார்ஃபரின் எங்கிருந்து வந்தது என்று தெரியுமோ? 1920களில் கனடாவின் புல்வெளி மாகாணங்களிலும் அமெரிக்காவின் வடக்கிலும், பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. அந்த வைக்கோலில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்து, அதைப் பின்பற்றிச் செய்ததுதான் வார்ஃபரின். 1948இல் முதலில் எலி நஞ்சாகத்தான் விற்றார்கள். தலைமயிர் கறுக்க என்று சீனக் கடைகளில் விற்கிற ஹோ ஷோ வூ வேர் பல நாடுகளில் ஆட்களின் ஈரலைப் பழுதாக்கியிருக்கு, மருத்துவ இதழ்களில் பதிவாகியும் இருக்கு. ஈரலைச் சுத்தப்படுத்தப் போய் ஈரலையே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

சாந்தி மாமி: நான் என்ன நஞ்சா வாங்கிக்கொண்டு வந்தேன்? நல்லது என்று நினைத்துத்தானே.

துஷி: மாமி, அண்ணா அப்படிச் சொல்லவில்லை.

பிரதீப் (பாமசி): இல்லை மாமி, நீங்கள் போகிற ஆள் உங்கள் நாக்கையும் நாடியையும் பார்த்து உங்களுக்கென்று கொடுத்தது அது. அதையே பெரியம்மாவுக்குக் கொடுப்பதை அவரே ஒத்துக்கொள்ளமாட்டார். ஒன்ராறியோவில் 2013 ஏப்ரல் முதல் சீன வைத்தியரும் அக்குபங்சர் ஊசி குத்துகிறவரும் பதிவு செய்திருக்க வேண்டும், அவர்களைப் பதிகிற சபையின் (அதைக் 'கல்லூரி' என்றுதான் சொல்வார்கள்) இணையப் பட்டியலில் பெயரைத் தட்டினால் தெரியும். உங்களுக்கும் பிறஷர் குளிசை இருக்குத்தானே, அதை அவரிடம் சொன்னீர்களோ?

சாந்தி மாமி: அவர் கேட்கவில்லை.

பிரதீப் (பாமசி): அப்ப அடுத்தமுறை எல்லாக் குளிசைப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கோ. இந்த வாரம் ஒருக்கால் பிறஷரை அளந்தும் பாருங்கோ.

பெரியம்மா: சண்டை வேண்டாம். சாந்தி, நீர் என்னை நினைத்து வாங்கினீரே, அதுவே போதும். செவ்வந்திப் பூத் தேத்தண்ணியாவது குடிக்கலாமோ தம்பி?

பிரதீப் (பாமசி): இடைக்கிடை ஒரு கோப்பை என்றால் சரி. அதில் மிதக்கிற சின்னச் சிவப்புக் கோஜிப் பழத்தை எடுத்துவிடுங்கோ, அதைக் குடித்து வார்ஃபரின் அளவு குழம்பின ஆட்கள் இருக்கிறார்கள். ராக்வீட் என்ற களைச்செடியின் பூந்தூளுக்குத் தும்முகிறவர்களுக்குச் செவ்வந்தியும் ஒத்துவராமல் போகலாம், இரண்டும் ஒரே குடும்பச் செடி. ஒவ்வொரு நாளும் குடிக்கப் போகிறீர்கள் என்றால் ரத்தம் சோதிக்கிற இடத்தில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கோ.

பெரியம்மா: அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாம். அப்ப கோபத்தோடேயே இருக்கட்டாம்.

துஷி: இல்லை பெரியம்மா, இங்கேதான் என் பங்கு. சீன வைத்தியத்தில் ஈரலின் தடம், அதாவது அந்தச் 'சீ' ஓடுகிற பாதை, கால் பெருவிரலில் தொடங்கி உள்தொடை வழியாக மேலே போகும். பித்தப்பையின் தடம் கண் ஓரத்தில் தொடங்கி, கழுத்து, விலா, இடுப்புப் பக்கமாக இறங்கி நாலாவது கால்விரலில் முடியும். அதனால் வசந்தத்துக்கு என்று யின் யோகா (ஓர் ஆசனத்தில் சில நிமிசம் அசையாமல் இருக்கிற யோகா) வகுப்பில் செய்விப்பதெல்லாம் உடம்பின் பக்கவாட்டையும் உள்தொடையையும் திறக்கிற ஆசனங்கள்தான். யோகாவையும் சீனத் தடங்களையும் சேர்த்தது அமெரிக்காவில் கடந்த 40, 50 வருசத்துக்குள் நடந்த வேலை, பதஞ்சலி காலத்தது என்று யாரும் கதை விட்டால் நம்பாதேயுங்கோ. தடம் என்று உடம்பை அறுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் குளிர் முழுக்கக் கோட்டுக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு, சோபாவில் சுருண்டு கிடந்த உடம்பில் முதலில் இறுகுகிற இடங்களும் இவைதான், அதனால் செய்யத் தொடங்கின உடனே சுகமாக இருக்கும்.

துஷி: நிலத்தில் இருக்கத் தேவையில்லை. சாப்பாட்டு மேசைக் கதிரை போதும், சில்லு வைத்தது வேண்டாம். இரண்டு பாதமும் நிலத்தில் படவேண்டும். வலது கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் வலப்பக்கம் சரியுங்கோ, இடது விலாவுக்குள் மூச்சுப் போகிறதை உணர்கிற அளவுக்கு மட்டும். ஐந்தாறு மூச்சு, பிறகு மற்றப் பக்கம். அடுத்து கட்டிலில் ஏறி முதுகைச் சுவரில் சாய்த்து, பாதம் இரண்டையும் சேர்த்துப் பத்த கோணாசனம், முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை. முழங்காலை அமத்தக் கூடாது, தலையணை தாங்கட்டும், அப்படியே மூன்று நிமிசம் பாட்டுக் கேளுங்கோ. முறுக்குகிற ஆசனம் செய்தால் மெதுவாகச் செய்யுங்கோ, ஈரலைத் துணி பிழிகிற மாதிரிப் பிழிந்து நஞ்செடுக்கும் என்று சொல்வார்கள், அப்படி ஒன்றும் நடக்காது, முதுகு இளகும். கடைசியில் கட்டிலிலேயே மல்லாந்து படுத்துக் கெண்டைக்காலை அந்தத் தலையணைகளில் தூக்கி வைத்து, மூச்சு உள்ளே நாலு எண்ணினால் வெளியே ஆறு. கோபம் இறங்குவது அதிகமாக இந்த நீண்ட வெளிமூச்சில்தான் என்று என் எண்ணம், மற்றதெல்லாம் உங்களை அதுவரை கொண்டுபோகிற வழி.

பெரியம்மா: எனக்கு நாரிப்பிடிப்பு வேறு இருக்கு.

துஷி: நாரி பிடித்திருக்கிற நாளில் கடைசியாகச் சொன்னதை மட்டும் செய்யுங்கோ.

ரவி அத்தான்: என் கழுத்துக்கும் ஏதாவது சொல்லு தங்கச்சி, முழு நாளும் கொம்பியூட்டர். போனைக் குனிந்து பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறுமாம், உண்மையோ?

துஷி: தலை ஏறக்குறைய 5 கிலோ. அந்த 27 கிலோ 2014இல் நியூயோர்க் முதுகெலும்பு வைத்தியர் ஒருவர் மாதிரி ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டது, 60 பாகை குனிந்தால் என்று. குனிகிற எல்லாருக்கும் நோ வரும் என்று அதில் அர்த்தமில்லை. நிமிர்ந்து விறைத்துக்கொண்டு எட்டு மணித்தியாலம் இருந்தாலும் கழுத்து நோகத்தான் செய்யும். அரை மணிக்கு ஒருக்கால் எழும்பித் தண்ணி எடுக்கப் போங்கோ, திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கோ.

ரவி அத்தான்: இடுப்பில் கை வைத்து வீரன் மாதிரி இரண்டு நிமிசம் நின்றால் ஹோர்மோனே மாறுமாமே?

பிரதீப் (பாமசி): 2010இல் வந்த ஆய்வு அது. பிறகு அதைவிட அதிகம் ஆட்களை வைத்துச் செய்து பார்த்தபோது ஹோர்மோன் மாறவில்லை. எழுதின மூவரில் டேனா கார்னி என்பவர் 2016இல் தனக்கே இப்போது அதில் நம்பிக்கையில்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். நிற்கும்போது கொஞ்சம் துணிவு வந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதுவும் தப்பில்லை.

சாந்தி மாமி: எல்லாரும் என்னைப் பேசி முடிந்ததோ? நானும் ஒன்று சொல்லட்டோ. மில்லிகன் பார்க்கில் விடிய சீன அம்மம்மாமார் கூடிச் செய்கிற பயிற்சி ஒன்று இருக்கு, பா துவான் ஜின், எட்டே எட்டு அசைவு. வில் இழுக்கிற மாதிரி ஒன்று, வானத்தைத் தாங்குகிற மாதிரி ஒன்று. கால் மடக்கிக் கீழே இருக்கத் தேவையில்லை, எல்லாம் நின்றுகொண்டே. பாஷை தெரியாமலே பின்னால் நின்று செய்கிறேன், ஒருத்தர் என் முழங்கையைத் தட்டித் தட்டித் திருத்துவார். அதில் ஓர் அசைவுக்குக் கையை முஷ்டியாகப் பொத்தி, கண்ணை உருட்டிக் கோபமாக முறைக்க வேண்டும். ஈரலுக்கு நல்லதாம்.

பெரியம்மா: முறைக்க வேண்டுமோ? அதை எனக்கு யாரும் பழக்கத் தேவையில்லை.

ரவி அத்தான்: மாமி அதில் நேரே ஆசிரியையாகவே சேரலாம்.

துஷி: உண்மையாகவே நல்ல பயிற்சி மாமி, வயதானவர்களுக்கு விழாமல் நிற்கிற பலமும் கிடைக்கும். பெரியம்மா, கோபத்தை அடக்கு அடக்கு என்று நாங்கள் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம், அவர்கள் அதற்கு ஓர் அசைவே வைத்திருக்கிறார்கள்.

பிரதீப் (பாமசி): பெரியம்மா விடிய வெளியே போவது இன்னொரு வகையிலும் நல்லது. மணிக்கூடு மாறினதில் குழம்பின நித்திரைக்குக் காலை வெளிச்சம்தான் மருந்து. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் ஈரலுக்கென்று அமத்துகிற இடம் ஒன்று சொல்வார்கள், மாமி காட்டுவா, உங்களுக்குக் கெதியில் கண்டிவிடும், அதனால் தடவினால் போதும். ஊசி குத்துவதென்றால் என்னையோ வைத்தியரையோ கேட்காமல் போகவேண்டாம். இன்னும் இரண்டு கிழமைக்கும் இதே எரிச்சல், நித்திரையில்லை, எதிலும் விருப்பமில்லை என்று இருந்தால் குடும்ப வைத்தியரிடம் போவோம், தைரொயிட்டும் ஒருக்கால் பார்க்க வேண்டும். நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

பெரியம்மா: சரி தம்பி. சாந்தி, ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போம். எத்தனை மணிக்கு?

சாந்தி மாமி: எட்டரைக்குத் தொடங்குவார்கள், எட்டுக்கு வாறன். தடித்த சப்பாத்துப் போடுங்கோ, புல்லெல்லாம் சேறு. அந்தப் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறேன், இன்னும் உடைக்கவில்லை.

ரவி அத்தான்: பேரனையும் கொண்டுவரட்டோ? அவனுக்கும் ஆச்சி முறைப்பதைத் தூரத்தில் நின்று பார்க்கலாம்.

பெரியம்மா: கொண்டுவாரும். அவனுக்கு நான் பால் ரொட்டி கட்டிக்கொண்டு வாறன். கார் எங்கே விடுவது சாந்தி?

சாந்தி மாமி: ஸ்டீல்ஸ் வீதிப் பக்கத்து வாசலால் வாங்கோ.