வாரம் மூன்று மடலா, மாதம் ஒன்றா?

வணக்கம் நண்பர்களே. கல்வெட்டுகள் பற்றி மின்மடல் எழுதுகிறேன். வாரம் மூன்று என்று அறிவித்துவிட்டு, இப்போது இரவு 11 மணிக்கு விக்கிப்பீடியாவை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

உத்திரமேரூர் மடலுக்கு மட்டும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுச் சுவரருகே நின்று, குடவோலையில் (ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கப் பெயர் எழுதிக் குடத்தில் இடும் ஓலை) பெயர் இடம்பெற 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் நிலம் வேண்டும் என்ற விதிகளை, பதிப்பித்த பாடத்தோடு ஒப்பிட்டு வரிவரியாகப் படித்தேன். அதற்குத்தான் நீளநீளமாகப் பதில்கள் வந்தன. மற்ற மடல்களுக்கு அம்மா அனுப்பும் கட்டைவிரல் மட்டும்தான்.

மாதம் ஒன்றாகக் குறைத்தால் வாசகர்கள் மறந்துவிடுவார்களோ என்று பயம். இப்படிக் குறைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வாசகர்களிடம் எப்படிச் சொன்னீர்கள்? அப்புறம், பழைய அவசர மடல்களை அழித்துவிடலாமா, திருத்திப் போடலாமா?