சசெக்ஸில் ஒரு துண்டு பழங்காடு வாங்கலாமா?

வேலியோரம்:
வணக்கம். லண்டனில் இருக்கிறோம். கிழக்கு சசெக்ஸில் மூன்றரை ஏக்கர் காடு விற்பனைக்கு வந்திருக்கிறது. ஓக், ஹார்ன்பீம் மரங்கள் நிறைய, ரோட்டோரமாகக் கொஞ்சம் ஆஷ் மரம். கேட்கிற விலை 48,000 பவுண்டு. விளம்பரத்தில் 'பழங்காடு' என்று போட்டிருக்கிறார்கள். போன ஞாயிறு பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. பிள்ளைகளோடு போய்த் தங்க வேண்டும், ஒரு சின்னக் குடில் போட வேண்டும், அடுப்புக்கு விறகு எடுக்க வேண்டும், இவ்வளவுதான் ஆசை. காணி வாங்கிப் பழக்கமில்லை. சொலிசிட்டரிடம் (காணி எழுதும் வக்கீலிடம்) போவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

குற்றிமரம்:
தம்பி, கென்ட்டில் நாலு ஏக்கர் வாங்கி எனக்கு ஒன்பது வருடம் ஆகிறது. இங்கிலாந்தில் 1600-ஆம் ஆண்டிலிருந்தாவது விடாமல் காடாக இருக்கிற நிலத்தைத்தான் பழங்காடு என்பார்கள். அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தின் பட்டியலில் அது இருக்கிறதா என்று மேஜிக் என்ற அரசு வரைபடத் தளத்தில் பாருங்கள். பழைய காட்டை வெட்டிவிட்டு ஊசியிலை மரம் நட்ட இடங்களும் அதே பட்டியலில் வரும், தனியாகக் குறித்திருப்பார்கள்.

அப்புறம் இன்னொரு முறை போங்கள், இந்த முறை தரையைப் பாருங்கள். வுட் அனிமோனி என்று ஒரு வெள்ளைப் பூ. சாண் உயரம்கூட இருக்காது. வெயில் பட்டால் விரியும், மழை வந்தால் தலை கவிழ்ந்து மூடிக்கொள்ளும். நூறு வருடத்துக்கு ஆறடி அளவில்தான் பரவும் என்பார்கள். ஒரு கூடம் அளவுக்கு அது படர்ந்திருந்தால் எத்தனை தலைமுறை என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வாங்கிய முதல் இலையுதிர்காலத்தில் மண் தோண்டும் சின்ன டிகர் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பாதையை அகலப்படுத்தினேன். ஈரக் களிமண். சக்கரத் தடம் முழங்கால் ஆழம் இறங்கி, குளிர்காலம் முழுக்க தண்ணீர் நின்றது. எட்டு வசந்தம் போய்விட்டது, அந்த இடத்தில் இன்றும் முட்கொடியும் கோரையும்தான். பூ திரும்பவே இல்லை. ஒவ்வொரு ஏப்ரலும் அந்தத் திருப்பத்தில் மனசு கனத்துப் போகிறது.

விறகுக்குக் கவலை வேண்டாம். மூன்று மாதக் காலாண்டுக்கு 5 கன மீட்டர் வரை பொதுவாக அனுமதி இல்லாமல் வெட்டலாம், அதில் 2 கன மீட்டருக்கு மேல் விற்கக் கூடாது. அதற்கு மேல் வெட்ட அரசின் வனத்துறையான ஃபாரஸ்ட்ரி கமிஷன் அனுமதி வேண்டும். பறவைகள் கூடு கட்டும் முன், பிப்ரவரிக்குள் வெட்டி முடித்துவிடுங்கள்.

குடில் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். குடியிருக்க அனுமதி கிடைக்கும் என்று நம்பி யாரும் காடு வாங்கக் கூடாது. கருவி வைக்கும் கொட்டகைக்கே கவுன்சிலுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். கூடாரம் என்றால் வருடத்துக்கு 28 நாள். பிள்ளைகளுக்கு அது தாராளம்.

ஆற்றுமணல்:
காணி உறுதிப் பத்திரத்தை வரி வரியாக வாசிக்கச் சொலிசிட்டரிடம் சொல்லுங்கள். நாங்கள் வாங்கப் பார்த்த காட்டில் வேட்டை உரிமையை முந்தைய உரிமையாளர் தன்னிடமே வைத்திருந்தார். பக்கத்துக் காணி வழியாக நடந்து போகத்தான் உரிமை, வண்டிக்கு இல்லை. விற்பனை முகவர் இரண்டைப் பற்றியும் வாயே திறக்கவில்லை. நாங்கள் விலகிக்கொண்டோம். வாங்கினால் மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் எடுங்கள். உங்கள் மரம் ரோட்டில் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

வேலியோரம்:
அண்ணா, நேற்றுப் போனோம். பட்டியலில் இருக்கிறது. கிழக்கு ஓரத்தில் நீளமாக ஒரு பள்ளம், அதற்கு உள்பக்கம் இடுப்பளவு மண் வரம்பு, மேலே முறுக்கிக்கொண்டு நிற்கிற கிழட்டு ஹார்ன்பீம்கள். நீங்கள் சொன்ன வெள்ளைப் பூ வரம்படியில் நாலைந்து திட்டு. மகள் ஓரமாகவே நடந்து வந்தாள், ஒன்றைக்கூட மிதிக்கவில்லை. ரோட்டோரம் ஒன்பது ஆஷ் நிற்கிறது, மூன்றின் உச்சி பட்டுப்போயிருக்கிறது. வழி உரிமை வண்டிக்கும் உண்டு என்று எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

குற்றிமரம்:
அந்த வரம்பு பெரும்பாலும் பழைய எல்லைதான். ஆடுமாடு உள்ளே வராமல் இருக்க அந்தக் காலத்தில் அப்படித்தான் வெட்டுவார்கள். நல்ல காடு கிடைத்திருக்கிறது, தம்பி.

ஆஷ் விஷயம் பணம். இந்த நாட்டில் 2012-இல் கண்டுபிடித்த பூஞ்சை நோய், ஆஷ் மரங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறது. பட்ட ஆஷ் சொல்லாமல் முறியும், நீங்கள் ரம்பத்தோடு கிட்டப் போக வேண்டாம். அந்த மூன்றையும் இறக்க என்ன ஆகும் என்று மரவேலைக்காரர் ஒருவரிடம் எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். மற்ற ஆறையும் நோய் என்ற காரணத்துக்காக அனுமதி இல்லாமல் வெட்டிவிட முடியாது.

முதல் வருடம் வேறு ஒன்றும் செய்யாதீர்கள். வரம்புப் பக்கம் வண்டியே ஏற்ற வேண்டாம்.