காட்டுக்குள்ள பார்க்க பைனாகுலர்: 8×42 ஆ, 10×42 ஆ?

வாவிக்கரையான்:
மட்டக்களப்பில இருந்து குருவி பார்க்கப் போறது கூடுதலா இங்கினியாகல, லாகுகல, சீசனுக்குக் குமண. கையில இருக்கிறது 10×25 (10 மடங்கு பெருக்கும், முன் லென்ஸ் 25 மில்லிமீற்றர் அகலம்). வாவிக்கரையில கொக்கு, நாரைக்குப் போதும். காட்டுக்குள்ள உதவாது. விடிய ஆறு மணிக்கு மரத்துக்குக் கீழ எல்லாம் கறுப்பாத்தான் தெரியுது. 42 எடுக்கிறது முடிவு. 8 ஆ 10 ஆ எண்டதுதான் கேள்வி. யூடியூப்பில அமெரிக்க வில்வேட்டைக்காரர் ஆளுக்கொரு கதை சொல்றாங்க. நான் கண்ணாடி போடுற ஆள்.

குளக்கட்டு:
8 எடுங்க தம்பி. அந்த வேட்டைக்காரர் சொல்றதில முரண் இல்ல. அவங்கட மேற்குப் பக்கத்து வெட்டவெளி மலையில நிண்டு தூரத்தைப் பார்க்கிறவர் 10 கேட்பார். மரத்துக்குள்ள ஒளிஞ்சிருந்து 20, 30 மீற்றரில வில்லு வளைக்கிறவர் 8 கேட்பார். நமக்கு வேட்டை வேணாம், ஆனா இங்கினியாகலக் காட்டுக்கு அந்த ரெண்டாவது ஆளின்ட கணக்குத்தான் சரி.

25 ஐ 10 ஆல பிரிங்க: 2.5. கண்ணுக்கு வந்து சேருற ஒளிவட்டம் அவ்வளவு மில்லிமீற்றர்தான். மங்கல் வெளிச்சத்தில கண்மணி அதைவிட ரெண்டு மடங்கு விரியும், அதுதான் கறுப்பாத் தெரியுது. 10×42 இல 4.2, 8×42 இல 5.25. பரப்பாப் பார்த்தா ஒண்டரை மடங்குக்கு மேல. அதுக்காக 8×56 எடுத்திராதீங்க, 7 மில்லிமீற்றருக்கு விரியிற கண் வயசு போன ஆக்களுக்கு இல்ல. பாரம்தான் மிச்சம்.

வெளிச்சத்தைவிட முக்கியமானது ஃபோகஸ் ஆழம், அதாவது ஃபோகஸை மாத்தாமலே தெளிவாத் தெரியிற முன்பின் தூரம். 10 இல அது 8 இல இருக்கிறதின்ட மூண்டில ரெண்டு பங்கு. ஆறுமணிக்குருவி சருகைக் கிளறிக் கொண்டு ரெண்டு எட்டுத் தத்தினா 10 காரர் ஃபோகஸ் சில்லைத் திருகிக் கொண்டே நிப்பார். முன்னால இருக்கிற இலை வடிவாத் தெரியும், குருவி புகையாத் தெரியும்.

பொத்துவிலான்:
காட்டுக்குச் சரி. லாகுகலக் குளத்தில பேருப்புல்லுக்க நிக்கிற யானைக்கும், குமண வில்லில (சதுப்புக் குளம்) தூரத்துக் கூடுகளுக்கும் 10 தான் நல்லம். ஆனா இங்கினியாகலயில சேனாநாயக்க சமுத்திரத்தில வள்ளத்தில போறதெண்டா மறுகா 8 தான், 10 இல கை நடுக்கமும் வள்ளத்து ஆட்டமும் சேர்ந்து படம் நிக்காது.

பெட்டியில 8×42 எண்டு இருந்தா எல்லாம் ஒண்டு எண்டு நினைக்காதீங்க. பார்வை அகலத்தைப் பாருங்க. வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி 8×42 ஏழரைப் பாகை, நிக்கொன் மொனாக் எம்5 8×42 6.4 பாகை. 30 மீற்றரில முதலாவது நாலு மீற்றருக்குக் கிட்டக் காட்டும், மற்றது மூண்டேகால் சொச்சம். கொப்புக்குள்ள குருவியைத் தேடிப் பிடிக்க அந்த அரை மீற்றர் பெரிசு. ஆனா கண்ணாடிக்காரருக்கு மொனாக் சுகம், ஐ ரிலீஃப் (முழு வட்டமும் தெரிய லென்ஸில இருந்து கண் நிக்கக்கூடிய தூரம்) 19.5 மில்லிமீற்றர், மற்றதில 17. 15 க்குக் கீழ இருந்தா வட்டத்தின்ட ஓரம் வெட்டுப்படும். கண்ணாடியோட பார்க்கக்குள்ள ரப்பர் கப்பை உள்ளுக்கு இறக்கி வைக்கணும்.

வாவிக்கரையான்:
நன்றி காக்கா. கடையில எப்பிடிச் சோதிக்கிற? ஒன்லைனில 60×60 எண்டெல்லாம் மலிவா விக்கிறாங்களே?

குளக்கட்டு:
60×60 பொய். உண்மையாவே 60 மடங்கு பெருக்கினா ஒளிவட்டம் 1 மில்லிமீற்றர், கையில பிடிச்சும் பார்க்க ஏலாது. லென்ஸ் சிவப்பாப் பளபளக்கிறதையும், 10-30 எண்டு சூம் வர்றதையும் தொடாதீங்க.

கடையில பெரிய லென்ஸை வெளிச்சத்துப் பக்கம் காட்டி, கையை நீட்டிப் பிடிச்சு, கண் வைக்கிற பக்கத்தைப் பாருங்க. ஒளிவட்டம் முழு வட்டமா இருக்கணும். ஓரம் சாம்பலாகிச் சதுரம் மாதிரித் தெரிஞ்சா உள்ளுக்கு ஒளியைத் திருப்புற பிறிசம் மலிவு. பெரிய லென்ஸில ரியூப்லைற் பிரதிபலிப்புப் பச்சை, ஊதாவாத் தெரியணும். வெள்ளையாத் தெரிஞ்சா ஒளி தெறிக்காமப் பூசுற கோட்டிங் இல்லாத முகம். பிறகு வெளிய வந்து தூரத்துக் கம்பத்தை ஒரு நிமிசம் பாருங்க. ரெண்டாத் தெரிஞ்சாலோ, கண் இழுத்தாலோ ரெண்டு குழாயும் நேரில்ல, வச்சிட்டு வந்திருங்க.

அதுக்கு முதல் கண்ணுக்குச் செற் பண்ணோணும், இல்லாட்டி நல்லதையும் பிழை எண்டு சொல்லுவீங்க. நடுவால மடிச்சு ரெண்டு வட்டத்தையும் ஒண்டாக்குங்க. வலது லென்ஸைக் கையால மறைச்சு நடுச்சில்லால இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்க. மறுகா இடதை மறைச்சு, சில்லைத் தொடாம வலது கண்ணுக்குப் பக்கத்தில இருக்கிற வளையத்தை மட்டும் திருகுங்க. அந்த இடத்தை நினைவு வச்சா, பிறகு நடுச்சில்லு ஒண்டுதான் வேலை.

காட்டுவாசல்:
ஒருத்தரும் பூஞ்சணம் பற்றிக் கதைக்கல்ல. மார்கழி மாரியில அலுமாரிக்குள்ள தோல் உறையோட வச்சா லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி இழை ஓடும், அது கோட்டிங்கைத் தின்னும். நைதரசன் நிரப்பி நீர் புகாததெண்டு இருக்கிறதையே எடுங்க. உறையைக் கழட்டிப்போட்டு, மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டியில சிலிக்கா ஜெல்லோட வையுங்க. ஈரம் இழுத்து நீல மணி ரோஸ் ஆனா தாச்சியில இளஞ்சூட்டில வறுத்துத் திரும்ப நீலமாக்கலாம். அரிசி போடாதீங்க, தூள் சில்லுக்குள்ள போகும்.

லென்ஸைச் சாறன் தலைப்பால துடைக்கிற பழக்கம் இருந்தா விடுங்க. கடற்கரை மணல் ஒண்டு போதும் கீற. முதல் ஊதித் தள்ளி, பிறகுதான் துணி. நுளம்பெண்ணெய் பூசின கையால தொடவும் வேணாம், டீட் எண்ட மருந்து இருக்கிறது ரப்பரையும் பிளாஸ்ரிக்கையும் இளக்கிப்போடும்.