சூளைக்குப் போகும் பிள்ளைகளுக்கு டேப்லெட் கொடுத்து அனுப்பலாமா?

செய்யாறு டீச்சர்:

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். பொங்கல் முடிந்த கையோடு அம்மா அப்பாவுடன் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடுவார்கள். மழை பிடிக்கும்போதுதான் ஊர் திரும்புவார்கள்.

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் அரும்பு என்ற தொடக்க நிலையிலிருந்து மொட்டு என்ற அடுத்த நிலைக்கு ஏறி, டிசம்பரில் சின்னச் சின்ன வாக்கியம் வாசித்தாள். சூளைக்குப் போய் வந்த பிறகு மறுபடியும் எழுத்துக்கூட்டித் தடுமாறுகிறாள். இரண்டு மூன்று வருஷம் இப்படிப் போனால், கூட உட்காரும் பிள்ளைகள் எங்கேயோ போய்விடுவார்கள், இவள் வெட்கத்திலேயே நின்றுவிடுவாள். நாலாம் வகுப்பில் அப்படி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தெரிந்தவர்கள் சிலர் சேர்ந்து டேப்லெட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். சூளையில் நெட் கிடைப்பது சந்தேகம். என்னென்ன ஏற்றிக் கொடுக்கலாம்? கொடுத்தால் பயன்படுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணினிக்காரன்:

டீச்சர், நெட் இல்லாமல் ஓடுகிற மாதிரி செய்ய முடியும். தீக்‌ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் பாடங்களை முன்கூட்டியே இறக்கி வைத்தால் பிறகு இணையம் தேவையில்லை. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இருக்கின்றன, இலவசம், பிடிஎஃப் ஆகவே எடுக்கலாம். டேப்லெட் எண்ணிக்கை அதிகமென்றால் கொலிப்ரி என்ற மென்பொருளைப் பாருங்கள், ஒரு கணினியில் ஏற்றினால் சுற்றியுள்ள கருவிகளுக்கு இணையம் இல்லாமலே பாடம் போகும். பவர் பேங்க் ஒன்றும் சேர்த்துக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, திருவள்ளூர் மாவட்டம்:

செய்யாறு டீச்சர், உங்கள் பிள்ளைகள் வந்து சேர்கிற இடத்தில்தான் நான் வேலை பார்த்தேன். பள்ளியைச் சுற்றிச் சூளைகள். கணினித் தம்பி சொன்னதெல்லாம் சரி. ஆனாலும் டேப்லெட்டைச் சூளைக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

முன்பணம் வாங்கிக்கொண்டு வந்த குடும்பம் அது. அந்தக் கடனே தலைக்கு மேல் நிற்கிறது. அதில் ஆயிரக்கணக்கில் விலை போகும் ஒரு பொருளைக் கையில் கொடுத்தால், உடைந்தால் யார் கட்டுவது, தொலைந்தால் யாருக்குப் பதில் சொல்வது என்ற பயம்தான் முதலில் வரும். துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு எந்த நியாயமும் இல்லை. சார்ஜ் போட மேஸ்திரி இடத்துக்குத்தான் போக வேண்டும். செம்மண் தூசியும் வெயிலும் வேறு.

நேரம் இன்னொரு சிக்கல். பெரியவர்கள் நடுராத்திரி தாண்டியதும் எழுந்து கல் அறுக்கப் போய்விடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளைதான் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும், பச்சைக்கல்லைத் திருப்பிப் போடும். அந்தப் பிள்ளைக்குப் பாடம் கிடைக்காதது மட்டும் குறை இல்லையம்மா. அதை உட்காரச் சொல்ல ஓர் ஆள் இல்லை, உட்கார ஓர் இடமும் இல்லை.

அதனால் முதல் வேலையாக எமிஸை, அதாவது மாணவர் விவரங்களைப் பதியும் பள்ளிக்கல்வித் துறைத் தளத்தை, பாருங்கள். நீங்கள் சொல்லும் டிஜிட்டலில் எனக்கு மிகவும் உதவியது அதுதான். குடும்பம் கிளம்புவதற்கு முன்பே எந்தச் சூளை, எந்த ஊருக்குப் பக்கம், மேஸ்திரி யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியருக்கு நீங்களே போன் செய்யுங்கள். பிள்ளையின் பெயரை எமிஸில் காமன் பூலுக்கு, அதாவது பள்ளி மாறுகிற பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு, நீங்கள் விட்டால்தான் அவர் எடுத்துச் சேர்க்க முடியும். பல பிள்ளைகள் பழைய பள்ளியின் பதிவேட்டிலேயே மாட்டிக்கொண்டு, இங்கே வந்தால் பெயர் ஏறாமல், இரண்டு பள்ளிக்கும் இல்லாமல் போய்விடுகிறார்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. யாராவது தயங்கினால் அந்தப் பிரிவை வாசித்துக் காட்டுங்கள்.

பள்ளிக்கு வந்துவிட்டால் காலையிலும் மதியமும் சாப்பாடு. 2023 ஆகஸ்டில் காலை உணவு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிந்தது. தாய் பிள்ளையைத் தலைவாரி அனுப்பி வைக்க அது பெரிய காரணம். கைக்குழந்தையையும் கூடவே தூக்கி வந்தால் முகம் சுளிக்காமல் உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு எங்கள் பக்கச் சூளைகளில் ஒடியாப் பாடநூல் வரவழைத்து, அவர்கள் மொழி தெரிந்தவரை வைத்தே வகுப்பு நடத்தினார்கள். தன் பேச்சு புரிகிற ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் பிள்ளை தானாக ஓடி வரும். அதை என் கண்ணால் பார்த்தவள் நான்.

அடுத்தது போன். டேப்லெட் இல்லாத வீட்டிலும் அப்பாவிடம் ஒரு பட்டன் போனாவது இருக்கும். 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது போட்ஸ்வானாவில் ஓர் ஆய்வு நடந்தது. சில வீடுகளுக்கு வாரந்தோறும் சில கணக்குகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினார்கள். வேறு சில வீடுகளுக்கு அதோடு சேர்த்து ஆசிரியர் இருபது நிமிடம் வரை பேசவும் செய்தார். பேசிய வீட்டுப் பிள்ளைகள் கணக்கில் நன்றாக முன்னேறினார்கள். செய்தி மட்டும் போன வீடுகளில் சொல்லும்படி மாற்றம் இல்லை. பிறகு இந்தியா, நேபாளம், கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ் என்று ஐந்து நாடுகளில் இதையே செய்து பார்த்தார்கள், பலன் இருந்தது. உங்கள் குரல் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அது எந்தச் செயலியிலும் இல்லை.

செய்யாறு டீச்சர்:

மிக்க நன்றி அம்மா. காமன் பூல் விஷயம் இவ்வளவு தூரம் பாதிக்கும் என்று நினைக்கவில்லை, இந்த வாரமே பட்டியல் எடுக்கிறேன். போனில் ஒரு சந்தேகம். எந்த நேரத்தில் கூப்பிட்டால் எடுப்பார்கள்? என்ன பேசுவது? புத்தகம் கையில் இல்லாத பிள்ளையிடம் போனில் கணக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சூளையில் வளர்ந்தவள்:

டீச்சர், நான் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்துப் பெண். இப்போது நர்சிங் படிக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மதியத்தில் கூப்பிடாதீர்கள், அப்போதுதான் அம்மா அப்பா கண் அசருவார்கள். வாரக் கணக்குப் பார்த்துக் காசு வாங்கும் நாளில் சாயங்காலம் கூப்பிடுங்கள். அன்றைக்கு வேலை சீக்கிரம் முடியும், மனசும் கொஞ்சம் லேசாக இருக்கும். எந்தக் கிழமை என்பது சூளைக்குச் சூளை மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். மேஸ்திரியிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஏதோ விசாரணை என்று பயந்து, போன் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

கணக்குக்குப் புத்தகம் வேண்டாம் டீச்சர். அங்கே எல்லாமே கணக்குதான். ஒரு வரிசைக்கு எத்தனை கல், இன்றைக்கு எத்தனை வரிசை, ஆயிரத்துக்கு இன்னும் எத்தனை குறைகிறது, இதெல்லாம் பிள்ளைகளுக்கு வாயிலேயே இருக்கும். அதை எழுதத்தான் தெரியாது. ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அனுப்பி, எண்ணினதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் அம்மா ஏமாறாமல் காசு வாங்கியது நான் எழுதி வைத்த நோட்டால்தான். அதற்குப் பிறகு என் படிப்பை நிறுத்துகிற பேச்சே வீட்டில் வரவில்லை.

வாசிப்புக்கு, நாலு வரிக் கதை ஒன்றைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுங்கள். போனில் நீங்கள் ஒரு வரி, அவள் ஒரு வரி.

ரீசார்ஜ் முடிந்தால் நம்பர் செத்துவிடும். அதே சூளையில் இருக்கிற இன்னொரு குடும்பத்தின் நம்பரையும் வாங்கி வையுங்கள்.

திரும்பி வருகிற அன்றைக்கு "ஏன் இத்தனை நாள் வரவில்லை" என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய இடத்திலேயே, பழைய தோழி பக்கத்திலேயே உட்கார வையுங்கள். கணினி அண்ணன் சொன்ன கதைகளை எல்லாம் டேப்லெட்டில் ஏற்றிப் பள்ளியிலேயே வையுங்கள். விட்டுப்போனதைப் பிடிக்க அப்போது உதவும்.

செய்யாறு டீச்சர்:

நன்றிம்மா. டேப்லெட் இரண்டு போதும், மீதிப் பணத்தில் ரீசார்ஜ் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன். எங்கள் குடும்பங்கள் பெரும்பாலும் செங்குன்றம் பக்கமும் காஞ்சிபுரம் பக்கமும் போகிறார்கள். அந்தப் பகுதித் தொடக்கப் பள்ளிகளில் இருக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் தனிச் செய்தி அனுப்புங்கள். பொங்கலுக்கு முன்பே பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு பேசுகிறேன்.