லைட் லைனில் எர்த்தே இல்லை, தொட்டால் ஷாக் – கொஞ்சம் அவசரம்

மாடப்புறா:
வணக்கம். பழைய வீடு. வாஷ்பேசினுக்கு மேலே புது லைட் மாட்டினேன், தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது. லைட் லைனில் இரண்டு வயர்தான் வருகிறது, எர்த் இல்லை. மெயினில் ஆர்சிசிபி (கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போட்டால் போதும், எர்த் வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள். சரியா? அம்மா மூட்டு ஆபரேஷன் முடிந்து நாளை மறுநாள் வீட்டுக்கு வருகிறார். அதற்குள் முடிக்க வேண்டும்.

நெல்லைவயர்மேன்:
தம்பி, முதலில் மெயினை இறக்கிவிட்டு அந்த லைட்டைக் கழற்றி வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். கழற்றிய பிறகு சொல்லுங்கள்: வயரிங் சுவருக்கு வெளியே மரச்சட்டத்திலா, உள்ளே பைப்பிலா? மெயினில் பழைய பீங்கான் கிட்கேட் ஃபியூஸா, கரண்ட் அதிகமானால் தானே விழும் எம்சிபி ஸ்விட்சா? லைட்டின் உடம்பு இரும்பா? வீட்டில் எங்காவது எர்த் இருக்கிறதா?

சோல்டர்மணி:
எனக்குத் தெரிந்து ஸ்விட்ச் நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் வயரில்) இருக்கும். அந்தக் கால வீடுகளில் இது சகஜம். ஸ்விட்சை அணைத்தாலும் பேஸ் (கரண்ட் வரும் வயர்) லைட்டிலேயே நிற்கும். இரண்டு வயரையும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் சரியானது.

நெல்லைவயர்மேன்:
மணி சார், ஸ்விட்ச் பேஸில்தான் இருக்க வேண்டும், அது சரி. ஆனால் லைட் எரியும்போது தொட்டால்? கசிவு அங்கேயேதானே இருக்கும்.

குளத்தங்கரை:
பேசினுக்குக் கீழே குழாய் இருக்குமே, அதில் ஒரு வயரைச் சுற்றிவிடுங்கள். எங்கள் அப்பா ரேடியோவுக்கு அப்படித்தான் எர்த் கொடுத்தார்.

ஓம்விதி:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் நல்லது. குழாய்க்காரருக்கு: இன்று பாதி வீடுகளில் இடையிடையே பிவிசி பைப்தான். கரண்ட் மண்ணுக்குப் போகாமல் குழாயிலேயே நிற்கும். அடுத்து குழாயைத் திறப்பவர் கையில் ஷாக்.

ஆர்சிசிபி, எர்த் வயர் இல்லாமலும் வேலை செய்யும். பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் ஒன்றுதானா என்று மட்டுமே அது பார்க்கிறது. 30 மில்லிஆம்பியர் வகை என்றால் வித்தியாசம் அந்த அளவைத் தொடுவதற்குள் துண்டித்துவிடும். ஆனால் எர்த் இல்லாத லைட்டில் கசிவு ஓட ஒரு வழி வேண்டுமே? அந்த வழி தொடுகிற ஆளின் உடம்புதான். எர்த் இருந்தால் லைட் பழுதாகும் போதே ட்ரிப் ஆகும், யாரும் தொட வேண்டியதில்லை.

சோல்டர்மணி:
அப்படியானால் எர்த் மட்டும் போதுமே, ஃபியூஸ் போய்விடாதா?

ஓம்விதி:
கணக்குப் போட்டுப் பாருங்கள். எர்த் குழியின் தடை 5 ஓம் என்றால் 230-ஐ 5-ஆல் வகுக்க 46 ஆம்பியர். 10 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ 50 முதல் 100 ஆம்பியர் வரை வேண்டும். அதுவரை லைட்டின் உடம்பில் கரண்ட் நிற்கும். எர்த், ஆர்சிசிபி இரண்டும் வேண்டும்.

குளத்தங்கரை:
5 ஓம் வேண்டுமென்றால் கரி, உப்பு போட்ட குழிதான் என் கட்சி. இப்போது கெமிக்கல் எர்த் என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சோல்டர்மணி:
உப்புதான் ஜிஐ பைப்பை அரிக்கிறது. எங்கள் தெருவில் தோண்டிப் பார்த்தபோது பைப் காகிதம் மாதிரி உதிர்ந்தது.

குளத்தங்கரை:
கோடையில் தண்ணீர் ஊற்றாமல் விட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டுக் குழி முப்பது வருடமாக இருக்கிறது.

சோல்டர்மணி:
கடைசியாக எர்த் டெஸ்டர் வைத்துப் பார்த்தது எப்போது?

நெல்லைவயர்மேன்:
அண்ணன்மாரே, கேட்டவருக்கு இன்னும் பதில் போகவில்லை.

மாடப்புறா:
மன்னிக்கவும், ஆஸ்பத்திரியில் இருந்தேன். லைட்டைக் கழற்றிவிட்டேன். திருவாரூர் பக்கம், 1971-இல் தாத்தா கட்டிய வீடு. மரச்சட்டத்தில் கிளிப் அடித்த வயரிங். கிட்கேட்தான். ஃபிரிட்ஜ் பிளக்குக்கு மட்டும் கொல்லையிலிருந்து எர்த் வருகிறது. லைட் உடம்பு இரும்பு. அதில் மூன்று வயர் இருந்தது, பச்சையை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் சுருட்டி டேப் ஒட்டிவிட்டேன்.

நெல்லைவயர்மேன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி. பச்சை வயர்தான் எர்த், அது உள்ள லைட்டை எர்த் இல்லாமல் மாட்டவே கூடாது. அம்மா வருவதற்குள் செய்ய முடிந்தது ஒன்றுதான்: முழு பிளாஸ்டிக் லைட் வாங்குங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி அதில் இருக்கும், இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம். அதற்கு எர்த் தேவையில்லை.

அப்புறம் நிதானமாக, ஃபிரிட்ஜுக்கு வரும் எர்த்தை டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் மெயினிலிருந்து 1.5 ஸ்கொயர் எம்எம் பச்சை வயரை அதே சட்டத்தின் ஓரமாக இழுத்து ஒவ்வொரு லைட் பாயிண்டுக்கும் ஃபேனுக்கும் கொடுக்கலாம். ஃபேனை மறந்துவிடாதீர்கள், அதுவும் இரும்புதான். ஆனால் அந்தக் காலத்து வயர் உள்ளே ரப்பர் இன்சுலேஷனாக இருந்தால், தொட்டாலே உதிரும். அதன் மேல் எர்த் இழுத்துப் பயனில்லை. முதலில் 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே என்றால் வயரிங்கையே மாற்றுவதுதான் வழி.

சோல்டர்மணி:
எர்த் இழுக்க முடியாத பாயிண்டில் நியூட்ரலையே உடம்போடு சேர்த்தால் என்ன? இரண்டும் ஒரே இடத்துக்குத்தானே போகிறது.

நெல்லைவயர்மேன்:
வேண்டவே வேண்டாம் சார். எங்காவது நியூட்ரல் அறுந்தால், ஸ்விட்ச் போட்டவுடன் 230 வோல்ட்டும் லைட்டின் உடம்புக்கு வந்துவிடும். இப்படி உயிர் போன ஒரு வீட்டுக்கு நான் நேரில் போயிருக்கிறேன்.

ஓம்விதி:
இன்னொன்று. ஆர்சிசிபி போட்டவுடன் காரணமில்லாமல் விழுந்தால் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். மாடிப்படி லைட்டுக்கு ஹாலிலிருந்து பேஸும் மாடியிலிருந்து நியூட்ரலும் எடுத்திருப்பார்கள். இரண்டு லைனுக்கும் தனித்தனி ஆர்சிசிபி போட்டால் அந்த ஒரு லைட்டுக்கே விழும். அதைச் சரிசெய்யாமல் ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாடப்புறா:
லைசென்ஸ் உள்ள வயர்மேன் வந்து போனார். பிளாஸ்டிக் லைட் மாட்டியாகிவிட்டது. மெகரில் ஹால் லைன் 0.2 மெகாஓம். பொங்கலுக்கு அப்புறம் முழு வயரிங்கும் மாற்றப் போகிறோம். அம்மா வந்துவிட்டார். எல்லோருக்கும் நன்றி.

நெல்லைவயர்மேன்:
நல்லது தம்பி. 0.2 என்றால் பொங்கல் வரை அந்த ஹால் லைனின் ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். எர்த் உள்ள ஃபிரிட்ஜ் பிளக்கிலிருந்து ஒரு ஸ்டாண்ட் லைட் போதும். கழற்றினீர்களா?

நெல்லைவயர்மேன்:
தம்பி, ஃபியூஸைக் கழற்றினீர்களா?